பழைய ஐபேக்கில் லினக்ஸ்: ஏற்றலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

#1 · தகரப்பெட்டி

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும்.

போன வாரம் மாமா வீட்டைக் காலி செய்தோம். பீரோவின் மேல்தட்டில் காம்பேக் ஐபேக் எச்3650 என்ற கையடக்கக் கணினி இருந்தது. கிரேடில், சார்ஜர், ஸ்டைலஸ், காம்பேக்ட் ஃபிளாஷ் ஸ்லீவ் எல்லாம் பத்திரமாக ஒரே துணிப்பையில். மாமா 2001-ல் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது. சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் விட்டு ரீசெட் குத்தினேன். பாக்கெட் பிசி என்ற மைக்ரோசாஃப்ட் சிஸ்டத்தின் வரவேற்புத் திரை வந்தது, கூட்டல் குறிகளைத் தொடச் சொன்னது. தொட்டேன். வேலை செய்கிறது!

உள்ளே மாமாவின் முகவரிகள், குறிப்புகள் ஏதாவது இருக்கும் என்று ஆசையாகத் தேடினேன். ஒன்றுமே இல்லை. கடையிலிருந்து இன்றைக்குத்தான் வந்தது போல இருக்கிறது.

2006-ல் ஹாஸ்டலில் சீனியர் ஒருவரிடம் இதே மாடல் இருந்தது. அதில் ஃபெமிலியர் என்ற லினக்ஸ் தொகுப்பு ஓடும். உள்ளங்கையில் ஒரு டெர்மினல் திறந்து அவர் ஸ்டைலஸால் கட்டளை எழுதுவதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்போது அவரிடமிருந்து ஃபெமிலியர் 0.8.4 பிம்பங்களையும் (கருவியில் அப்படியே எழுதும் முழுக் கோப்புகள்) மற்ற கோப்புகளையும் ஒரு சிடியில் எழுதி வாங்கி வைத்தேன். கையில் கருவியே இல்லாமல் சிடி மட்டும் இத்தனை வருஷம் என்னோடு வீடு வீடாக வந்தது. இப்போது கருவியும் வந்துவிட்டது.

ஏற்றலாமா? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 · சீரியல்கேபிள்

தம்பி, முதலில் பேட்டரி. மற்றதெல்லாம் அப்புறம்.

அதில் இருப்பது லித்தியம் பாலிமர். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கருவியை மேஜையில் மல்லாக்க வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். முதுகு லேசாக உப்பியிருந்தால், திரை ஓரத்தில் விரிசல் போல வெளிச்சம் தெரிந்தால், இனிமேல் சார்ஜ் போடவே கூடாது. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

மாமாவின் குறிப்புகள் போனதற்குக் காரணம் இதுதான். அந்தக் காலத்துப் பாக்கெட் பிசியில் நாம் எழுதியதெல்லாம் 32 எம்பி ராமில்தான் இருக்கும். பேட்டரி என்றைக்கு முழுதாகச் செத்ததோ, அன்றைக்கே எல்லாம் போயிற்று. பேட்டரி செத்தாலும் அழியாத 16 எம்பி ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பது தொழிற்சாலையில் ஏற்றிய சிஸ்டம் மட்டும். அதனால் உங்கள் கையில் இப்போது இருப்பது மாமாவின் கருவி, ஆனால் அவர் எழுதியது ஒரு வரிகூட அதில் இல்லை. வருத்தமாகத்தான் இருக்கும்.

அந்த ஃபிளாஷ் என்பதில்தான் ஐபேக்கின் கதையே இருக்கிறது. அதே சமயத்தில் வந்த பல கையடக்கக் கருவிகளில் சிஸ்டம் நிஜமான ரோமில், அதாவது மாற்றி எழுத முடியாத நினைவகத்தில், இருந்தது. ஐபேக்கில் அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ். சிப் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110, 206 மெகாஹெர்ட்ஸ். இன்டெல் அந்தச் சிப்பின் முழுக் கையேட்டையும் வெளியில் கொடுத்திருந்தது. ஏற்றலாமா என்று கேட்டால், ஏற்றலாம். அதற்காகவே செய்தது போல இருக்கும்.



#3 · மணிமேடை

நான் எதிர்க்கட்சி. ஏற்றாதீர்கள்.

பழைய கணினிகளைச் சேர்த்து வைக்கிற வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு வருகிற கையடக்கக் கருவிகளில் பாதிக்கு மேல் யாராவது எதையாவது ஏற்றிப் பார்த்து, பழையது எங்கே என்றே தெரியாமல் வந்து சேர்கின்றன. 2000-ல் முதன்முதலாக வந்த பாக்கெட் பிசி எப்படி இருந்தது என்று ஒரு மாணவிக்குக் காட்ட வேண்டும் என்றால் படம்தான் காட்ட வேண்டியிருக்கிறது. உங்களிடம் இருப்பது பெட்டியில் வந்த அதே நிலையில் இருக்கிறது. லினக்ஸ் எங்கும் கிடைக்கும். மாமாவின் ஐபேக் ஒன்றுதான்.

#4 · தகரப்பெட்டி

அண்ணே, மேஜையில் வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை, சமமாக இருக்கிறது. ஆனால் சார்ஜ் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. புது பேட்டரி தேடுகிறேன்.

அக்கா, நீங்கள் சொன்னது மனசில் தைக்கிறது. ஆனால் சீரியல்கேபிள் அண்ணன் சொன்னபடி பார்த்தால், ஃபிளாஷில் இருப்பது இதே மாடல் எல்லாவற்றிலும் இருக்கிற சரக்குதானே? மாமா தொட்ட எதுவும் அதில் இல்லையே?

#5 · மணிமேடை

எல்லாவற்றிலும் ஒரே சரக்கு என்று யார் பார்த்தது? தொழிற்சாலையில் ஏற்றிய சிஸ்டத்தின் பதிப்புகள் (ரோம் பதிப்பு என்போம்) மாறிக்கொண்டே இருந்தன, மொழிக்கு ஒன்று, திருத்தத்துக்கு ஒன்று. ஒரே மாதிரி என்று நினைத்து எல்லோரும் அழித்த பிறகுதான் வித்தியாசம் இருந்தது தெரியவரும்.

#6 · இளங்கிளை

நடுவில் புகுந்து கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் எம்பெடட் துறையில், அதாவது சாதனங்களுக்குள் இருக்கும் கணினிகளில், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. ஐபேக்கைப் பார்த்ததே இல்லை.

இந்த மாதிரிக் கருவிக்கு லினக்ஸ் கொண்டுவர எத்தனை பேர் எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பார்கள்? கருவியோ இரண்டு வருஷத்தில் பழசாகிவிடும். கடைசியில் 320க்கு 240 திரையில் ஒரு டெர்மினல். நிஜமாகவே புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: எதற்காகச் செய்தார்கள்?

#7 · சீரியல்கேபிள்

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஆர்ம் சிப்பில் (ஸ்ட்ராங்ஆர்ம் அந்த வகைதான்) லினக்ஸ் என்பதே ஒரு தனி ஆள் தொடங்கிய வேலை. ரசல் கிங் 1994 வாக்கில் ஏகார்ன் கணினிக்காகத் தொடங்கினார். அந்த அடித்தளம் இருந்ததால்தான் மற்றவர்கள் மேலே கட்ட முடிந்தது. காம்பேக்கின் கலிஃபோர்னியா ஆய்வகங்களில் இட்ஸி என்று ஒரு சோதனைக் கருவி செய்தார்கள், உள்ளங்கை அளவு, ஸ்ட்ராங்ஆர்ம், லினக்ஸ். அது கடைக்கு வரவில்லை. 2000-ல் ஐபேக் கடைக்கு வந்தபோது மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் இருந்த காம்பேக் ஆய்வகத்தார் அதில் லினக்ஸை ஏற்றி, ஹேண்ட்ஹெல்ட்ஸ்.ஆர்க் என்ற தளத்தைத் திறந்து, "இந்தாருங்கள், நீங்களும் வாருங்கள்" என்று எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஜிம் கெட்டிஸ் அங்கேதான் இருந்தார். 1984-ல் எம்ஐடியில், திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். விற்கிற கருவியில் மைக்ரோசாஃப்ட் சிஸ்டம், அதே கம்பெனியின் ஆய்வகம் அதில் வேறொன்றை ஏற்ற வழி சொல்கிறது. இப்படி ஒரு திறந்த மனசை அதற்கப்புறம் நான் அதிகம் பார்த்ததில்லை.

அங்கே என் மனசுக்கு மிகப் பிடித்தது ஸ்கிஃப் கிளஸ்டர். ஸ்ட்ராங்ஆர்ம் பலகைகள் சிலவற்றை வரிசையாக வைத்து இணையத்தில் திறந்து விட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து ஆர்மிலேயே கம்பைல் செய்யலாம், அதாவது மூல நிரலைச் சிப்புக்குப் புரியும் நிரலாக மாற்றலாம். வீட்டில் ஆர்ம் பலகை வாங்க வசதியில்லாத என்னைப் போன்றவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டயல்அப் இணைப்பில் ஒவ்வொரு எழுத்தும் தயங்கித் தயங்கி வரும். வந்தால் போதும்.

வீட்டுக் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டுமென்றால் அவர்கள் கொடுத்த டூல்செயின், அதாவது அதற்கான கருவித் தொகுப்பு. அதை ரூட்டுக்குக் கீழே "ஸ்கிஃப்" என்ற அடைவில்தான் விரிக்க வேண்டும், பாதை உள்ளேயே பதிந்திருக்கும். வேறெங்கே வைத்தாலும் ஓடாது. அது தெரியாமல் இரண்டு நாள் அல்லாடினேன்.

எதற்காகச் செய்தார்கள் என்று கேட்டீர்கள். என் மட்டில் சொல்கிறேன். பாட்டு கேட்க ஆசைப்பட்டேன். எஸ்ஏ-1110-க்குத் தசமக் கணக்குப் போடும் பகுதி கிடையாது. தசமப் புள்ளி வருகிற ஒவ்வொரு கட்டளையும் கர்னலுக்குள், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதிக்குள், போய், அங்கே பொம்மைக் கணக்காகப் போட்டுத் திரும்பி வரும். அதனால் சாதாரண எம்பி3 நிரல் விக்கி விக்கித்தான் பாடும். அப்புறம் லிப்மேட் என்ற நிரல் தொகுப்பு வந்தது. முழுக்க முழுக்க முழு எண் கணக்கிலேயே எம்பி3-யைப் பிரிக்கும். அதே பாட்டு, அதே கருவி, தண்ணீர் மாதிரி ஓடியது. காதில் ஹெட்ஃபோனோடு மொட்டை மாடியில் நின்றேன். சிப்பை மாற்றவில்லை, கணக்கை மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு ராத்திரிதான் எனக்கு இந்தத் தொழிலைக் கொடுத்தது.

#8 · வல்வை

அண்ணை சொன்னதில் ஐபேக் மட்டும் வந்துவிட்டது. அதிர்ஷ்டமில்லாத கருவிகளையும் கதைக்க வேணும்.

என்னிடம் இருந்தது சையான் 5எம்எக்ஸ் என்ற கையடக்கக் கணினி. 36 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம், 16 எம்பி ராம், இரண்டு ஏஏ பேட்டரி, அருமையான விசைப்பலகை. அதன் சிஸ்டம் ரோமில். அழிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. அப்ப என்ன செய்தார்கள்? ஈபோக் என்ற அந்தச் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்லோ என்ற சிறு நிரலை இயக்குவது. அது காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டையிலிருந்து கர்னலை ராமில் ஏற்றி, ஈபோக்கைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் லினக்ஸை உட்கார வைக்கும். அணைத்துப் போட்டு மீட்டமைத்தால் ஈபோக் பழையபடி வரும், ஒரு கீறலும் இல்லாமல்.

லினக்ஸ் போன்ற இன்னொரு திறந்த சிஸ்டமான நெட்பிஎஸ்டிக்காரரும் அதே வழிதான். 1999-ல் ஜப்பானில் இருந்து தொடங்கிய எச்பிசிமிப்ஸ் துறை. என்இசி மொபைல்கியர் போன்ற விண்டோஸ் சிஇ கருவிகள், மிப்ஸ் வகை விஆர் சிப்புகள். சிஇ-க்குள் இருந்தே பூட் நிரலைத் தட்டினால் நெட்பிஎஸ்டி எழும்பும். சிஇ-யில் வைத்திருந்த கோப்புகள் ராமில் இருப்பதால் போய்விடும், ஆனால் சிஇ ரோமில் பத்திரம். பிறகு எஸ்எச்3 சிப் கொண்ட ஜோர்னாடா 690-க்கு எச்பிசிஎஸ்எச், ஜோர்னாடா 720-க்கு எச்பிசிஆர்ம் என்று கிளைகள்.

மணிமேடை அக்காவின் கவலைக்கு இந்தக் கருவிகளில் இடமே இல்லை. பழையது தானாகவே காப்பாற்றப்படுகிறது. ஐபேக்கில்தான் துணிந்து அழிக்க வேணும். அதனால்தான் அங்கே கவனமும் கூட.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் முந்தி, 1998-ல், பாம் பைலட்டில் லினக்ஸ் ஏற்றினார்கள். அதன் டிராகன்பால் சிப்பில் நினைவகத்தைப் பங்கிட்டுக் காக்கும் எம்எம்யூ கிடையாது. ஒரு நிரல் தவறான இடத்தில் எழுதினால் முழுக் கருவியும் விழும். ஓடுகிற நிரல் தன்னையே நகலெடுக்கும் ஃபோர்க் கிடையாது, அதற்கு மாற்றான விஃபோர்க்கை வைத்துச் சமாளிக்க வேணும். அதுதான் யூசிலினக்ஸ். பிறகு 2.6 கர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. பாம் பைலட்டில் அதை நாள்தோறும் பாவித்த ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் எம்எம்யூ இல்லாத எத்தனையோ சாதனங்களுக்குள் அது போய்ச் சேர்ந்தது. இளங்கிளை கேட்ட கேள்விக்கு இதையும் சேர்த்து வையுங்கோ.

#9 · இளங்கிளை

வல்வை அண்ணா, சீரியல்கேபிள் சார், இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நானே கொஞ்சம் தோண்டினேன். தூக்கம் போய்விட்டது.

ஆபீஸில் தினமும், சாதனங்களுக்கு லினக்ஸ் தொகுப்புகளைக் கட்டும் யோக்டோவில்தான் வேலை. பிட்பேக், ரெசிபி, லேயர் என்று காலையிலிருந்து ராத்திரி வரை இதே பேச்சு. இதெல்லாம் பெரிய கம்பெனிகள் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். யோக்டோவின் அடி ஓப்பன்எம்பெடட். அது 2003-ல் ஓப்பன்சாரஸ் ஆட்களிடமிருந்து பிறந்திருக்கிறது. ஷார்ப் சாரஸ் எஸ்எல்-5500 என்ற கையடக்கக் கருவிக்கு, அது லினக்ஸோடுதான் விற்பனைக்கு வந்தது என்றாலும், தங்கள் சொந்தத் தொகுப்பைச் செய்ய வந்தவர்கள். ஒவ்வொரு மாடலுக்கும் கையால் கம்பைல் செய்து மாளவில்லை. அதனால் ரெசிபி எழுதி வைத்து, கருவியின் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு முறையைக் கட்டினார்கள். நான் தினமும் மாற்றுகிற "மெஷின்" வரி அங்கிருந்து வந்ததுதான்!

சாரஸ் மாடல்களின் உள்பெயர்களைப் பார்த்தீர்களா? காலி, பூடில், கோர்கி, ஸ்பிட்ஸ், அகிடா. எல்லாம் நாய் இனங்கள்.

#10 · சீரியல்கேபிள்

உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் தொகுப்பைப் போட்டிருக்கிறீர்களா? அதில் பல வருஷம் இருந்த ஓபிகேஜி என்ற பொதி நிறுவி, ஐபிகேஜியின் வாரிசு. ஐபிகேஜி ஃபெமிலியருக்காக கார்ல் வொர்த் எழுதியது. டெபியனின் டிபிகேஜி 16 எம்பி-க்குள் அடங்காது என்பதால் அதே அமைப்பைச் சுருக்கிச் செய்தார். அவரே எக்ஸ்ஸ்ட்ரோக் என்று ஒன்றும் எழுதினார், திரை முழுவதும் ஸ்டைலஸால் எழுத்தை வரைந்தால் புரிந்துகொள்ளும். தம்பி ஹாஸ்டலில் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, மானிட்டரைத் திருப்ப, இரண்டாவது திரையை இணைக்க லினக்ஸில் எக்ஸ்ரேண்ட்ஆர் என்ற கட்டளையைத் தட்டுகிறோமே, அந்த ரேண்ட்ஆர் நீட்டிப்பை 2001-ல் முன்வைத்தவர்கள் ஜிம் கெட்டிஸும் கீத் பேக்கர்டும். ஐபேக்கை நெட்டுக்குத்தாகவும் பிடிக்கலாம், படுக்கவைத்தும் பிடிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கிற எக்ஸ் சர்வரை நிறுத்தாமல் திரையைத் திருப்ப வேண்டும் என்ற தேவை கையில் பிடிக்கிற கருவியில்தான் கண் முன்னால் நின்றது. கீத் பேக்கர்டின் குட்டி எக்ஸ் சர்வரும் அதில்தான் ஓடியது.

#11 · மணிமேடை

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். நான் சொன்னதில் ஒரு பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

லினக்ஸ் எங்கும் கிடைக்கும் என்று எழுதினேன். அது தப்பு. ஐபேக்கில் ஃபெமிலியர் ஓடுவது இப்போது எங்கும் கிடைப்பதில்லை. ஹேண்ட்ஹெல்ட்ஸ்.ஆர்க் தளம் போய்விட்டது, பழைய இணையப் பக்கங்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் பக்கங்கள் இருக்கின்றன, ஆனால் ஓடுகிற கருவியைக் கையில் பிடித்துப் பார்க்க வழி? பாக்கெட் பிசி எவ்வளவு வரலாறோ, இதுவும் அவ்வளவு வரலாறு. நான் ஒன்றை மட்டும் வரலாறு என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் மற்றப் பாதியை விடமாட்டேன். அழிப்பதற்கு முன் ஃபிளாஷ் முழுவதையும் பிம்பமாக எடுங்கள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டின் செக்சம்மும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ரோம் பதிப்பு எண் காட்டும் திரையைப் படம் எடுங்கள். பிம்பத்தின் ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள், நான் வைத்துக்கொள்கிறேன். இவ்வளவும் செய்தால் எனக்கு மறுப்பு இல்லை.

#12 · சீரியல்கேபிள்

அக்கா சொன்னதுதான் அந்தக் காலத்துக் குறிப்புகளிலும் முதல் படி. இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. பூட்பிளாஸ்டர் என்ற நிரலைப் பாக்கெட் பிசியிலேயே ஓட்டச் சொல்வார்கள். அதில் முதல் வேலை பழைய பூட்லோடரை (கருவியை எழுப்பும் முதல் நிரலை) சேமி, இரண்டாவது வேலை விண்டோஸ் சிஇ (பாக்கெட் பிசியின் அடிப்படை) பிம்பத்தைச் சேமி, இரண்டையும் கருவிக்கு வெளியே கொண்டுபோ. அதற்குப் பிறகுதான் எழுது. லினக்ஸ் பிடிக்கவில்லை என்றால் அதே பூட்லோடரிலிருந்து பாக்கெட் பிசியைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். முகம் தெரியாத ஒருவன் தன் சம்பளத்தில் வாங்கிய கருவியைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பொறுப்பு அந்த வரிசையிலேயே இருந்தது.

தம்பி, இப்போது கவனமாகக் கேளுங்கள். ஃபிளாஷின் முதல் 256 கேபி-யில்தான் பூட்லோடர். மற்ற எந்தப் பகுதி கெட்டாலும் பூட்லோடர் உங்களைக் காப்பாற்றும். பூட்லோடரே பாதியில் கெட்டால் காப்பாற்ற ஆளில்லை. கருவியைப் பிரித்து, சிப்போடு நேரடியாகப் பேசும் ஜேடேக் கம்பி பற்றவைத்து உள்ளே போக வேண்டியதுதான்.

எனக்கு நடந்திருக்கிறது. 2003, மே மாதம். நண்பனின் ஐபேக், என்னுடையது அல்ல. பேட்டரி பாதிதான் இருந்தது, சார்ஜர் மாட்டியிருக்கிறதே என்று தொடங்கினேன். "அழிக்கிறது" என்று வந்தது. கரன்ட் போயிற்று. போனால் என்ன, பேட்டரி தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரை மங்கியது, அணைந்தது. அவ்வளவுதான். நண்பனிடம் போய்ச் சொன்னேன், அவன் "சரி விடு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். நாலு மாதம் சேர்த்துவைத்து அவனுக்குப் பழைய கருவி ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அதனால்: புது பேட்டரி வந்த பிறகுதான். முழுச் சார்ஜ். சார்ஜர் யூபிஎஸ்ஸில். பூட்லோடர் எழுதியதும் "சரிபார்" என்பதைக் கட்டாயம் தட்டுங்கள். செல்லும் என்று வராவிட்டால் ரீசெட் செய்யாதீர்கள், அணைக்காதீர்கள். அப்படியே திரும்ப எழுதுங்கள். அணைக்காத வரைக்கும் உயிர் இருக்கிறது.

சீரியல் கேபிள் வழியாகக் கருவியோடு பேச லேப்டாப்பில் ஓட்டும் மினிகாம் நிரலில் வேகம் 115200, ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை நிறுத்திவிடுங்கள். அதை நிறுத்தாமல் விசை அடித்தால் எதுவும் போகாது, கேபிள் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள்.

#13 · தகரப்பெட்டி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பேட்டரி வந்தது. மாற்றினேன். நாலு மணி நேரம் நிற்கிறது.

நேற்று ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினேன்.

பூட்பிளாஸ்டர் சிடியில் இருந்தது. பூட்லோடர் சேமிப்பு சில நொடி. சிஇ பிம்பம் சில நிமிஷம். காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டையில் எடுத்து லேப்டாப்பில் போட்டேன். இரண்டாவது முறையும் எடுத்தேன். விரித்துப் பார்த்தால் இரண்டின் செக்சம்மும் ஒன்று. மணிமேடை அக்கா, உங்களுக்கு அனுப்பிவிட்டேன், பதிப்பு எண் படமும் கூடவே.

அப்புறம் பூட்லோடர். எழுதச் சொல்லித் தட்டியதும் திரை அப்படியே உறைந்து நின்றது. எத்தனை நொடி என்று தெரியாது, எனக்கு ரொம்ப நேரமாகப் பட்டது. அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள், கையை எடுக்கவே பயம். எழுதி முடித்தது. சரிபார் தட்டினேன். செல்லும் என்று வந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

ஜாய்பேடை அழுத்திப் பிடித்து ரீசெட். மினிகாமில் வரிகள் ஓடி "பூட்" என்று நின்று காத்திருந்தது. "லோட் ரூட்" தட்டிப் பிம்பத்தை அனுப்பினேன். பத்து எம்பி சொச்சம், நொடிக்கு 11 கேபி. கால் மணி நேரம் எண்கள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஃபிளாஷில் தொகுதி தொகுதியாக அழித்து, எழுதி, சரிபார்த்தது. முடிந்ததும் "பூட்".

பென்குவின் வந்தது. கர்னல் வரிகள். ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற கோப்பமைப்பு ஏறுவதற்குக் கொஞ்சம் தாமதம், அப்புறம் லாகின். நாற்பது வயசில் கத்திவிட்டேன்.

#14 · வல்வை

வாழ்த்துகள் தம்பி! அந்தத் தாமதத்துக்குக் காரணம் இருக்கு. ஜேஎஃப்எஃப்எஸ்2 ஒரு நாட்குறிப்பு மாதிரி. மாற்றம் வந்தால் பழைய இடத்தை அழிக்காது, புது இடத்தில் எழுதிக்கொண்டே போகும். ஃபிளாஷை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழித்தால் தேய்ந்துவிடும் என்பதால் அப்படி. அதோடு எழுதுவதைச் சுருக்கியும் வைக்கும், 16 எம்பி-க்குள் கூடுதல் சாமான் அடங்கும். ஏறும்போது முழு ஃபிளாஷையும் வாசித்துத்தான் எது கடைசி என்று கண்டுபிடிக்கும். ரெட்ஹேட்டில் டேவிட் வுட்ஹவுஸ் 2001-ல் செய்தது. அது வருவதற்கு முன் படிக்க மட்டும் முடிகிற கிராம்எஃப்எஸ்ஸை வைத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமில்லை.

#15 · இளங்கிளை

படம் போடுங்கள் அண்ணா, ப்ளீஸ். பூட் ஆகும்போது சீரியலில் வந்த வரிகளையும் ஒட்டுங்கள். முழுவதும் படிக்க வேண்டும்.

#16 · தகரப்பெட்டி

படங்கள் கீழே. பூட் பதிவு தனிக் கோப்பாக.

ஜிபிஇ என்ற வரைகலை மேஜைத்திரை வந்துவிட்டது. தொடுதிரை முதலில் கோணலாக இருந்தது. ஐபேக்கில் தொடுதிரையையும் பொத்தான்களையும் ஒரு தனி ஏட்மெல் குட்டிச் சிப் கவனித்து, சீரியல் வழியாக முதன்மைச் சிப்புக்குச் சொல்கிறதாம். ஐந்து கூட்டல் குறிகளைத் தொட்டதும் சரியாயிற்று.

அப்புறம் ஒரு ஆசை. தமிழ் வருமா? யூனிகோட் எழுத்துரு ஒன்றை ஏற்றி, குறிப்புப் பயன்பாட்டில் லேப்டாப்பிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தேன். எழுத்து வந்தது, ஆனால் "கொ" என்பதில் ககரம் முன்னால் நின்று, கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைச் சுற்றித் தனியாக நின்றன. யாராவது பார்த்திருக்கிறீர்களா?

#17 · சீரியல்கேபிள்

எழுத்துரு சரி, எழுத்துகளைத் திரையில் அடுக்கும் பேங்கோவின் இந்திய எழுத்து மாட்யூல் இல்லை. இடம் மிச்சப்படுத்த அதைத் தனிப் பொதியாக வைத்திருந்தார்கள். சிடியில் இண்டிக் என்ற பெயரோடு ஒரு ஐபிகே பொதி இருக்கிறதா பாருங்கள். ஐபிகேஜியால் நிறுவிவிட்டு எக்ஸை ஒரு முறை மறுபடி தொடங்குங்கள்.

#18 · மணிமேடை

பிம்பம் கிடைத்தது. திறந்து பார்த்தேன், நன்றாக இருக்கிறது. எங்களிடம் ஏற்கெனவே இருந்த எச்3630 பிம்பத்தோடு ஒப்பிட்டேன். ஒன்றல்ல. எங்கே மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேறொரு விஷயம். இதே எஸ்ஏ-1110 சிப்பில் லினக்ஸ் ஓடிய சிம்ப்யூட்டர், பெங்களூரில் செய்தார்களே, ஒரு கிராமமே ஸ்மார்ட் கார்டு வைத்து ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று. அது யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். உடைந்திருந்தாலும் பரவாயில்லை.

#19 · தகரப்பெட்டி

அண்ணே, சிடியில் இருந்தது! போட்டேன். கொம்பு முன்னால் வந்துவிட்டது.

குறிப்புக் கோப்பில் மாமாவின் பெயரையும் அவர் பழைய முகவரியையும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை ஃபிளாஷில்.

ஸ்லீவில் வைஃபை அட்டை ஒன்று போட்டுப் பார்க்க ஆசை. காம்பேக்ட் ஃபிளாஷ் அளவில், அந்தக் காலத்து ஓரினோக்கோ வகைச் சிப் கொண்டது யாரிடமாவது சும்மா கிடக்கிறதா?

#20 · வல்வை

என்னிடம் ஒன்று கிடக்கு. முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கோ. ஆனால் டபிள்யூபிஏ-2 என்ற வைஃபை பாதுகாப்பு முறை அதில் எழும்பாது, அதற்கென்று தனியாகப் பழைய ரவுட்டர் ஒன்றை ஒழுங்குபடுத்த வேணும்.